அறுவடைக்கு முந்திய நிலா

கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்க் கடைத்தெருக்களில் நெல்பொரியும் அவல்பொரியும் வந்து குவிந்துவிடும். வெல்லப்பாகு காய்ச்சி, அதில் பொரியைக் கொட்டி, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடித்து, அகல் விளக்குகளின் முன் வைத்துப் படைக்கிறோம். முழுநிலாவை ஒட்டிய நாளில் நிலாவைப் போலவே உருண்டையாக ஓர் இனிப்பு! பழகிப்போன காட்சி என்பதால், ஏன் அந்த நாளில், ஏன் அந்தப் பண்டம் என்று நாம் கேட்பதில்லை.

சில நேரங்களில் நம் வீட்டுச் செய்தியை விளங்கிக்கொள்ள அயல் வீட்டை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கக் கடலுக்கு அப்பால், நம்மைப் போலவே சோறுண்ணும் நாடு வியட்நாம். அங்கும் ஒரு முழுநிலா விழா உண்டு. 'தெத் ட்ருங் து' என்பது அதன் பெயர். 'ட்ருங்' என்றால் நடு. 'து' என்றால் இலையுதிர்காலம். அன்று வீட்டு முற்றத்தில் பழங்களையும் 'பான் ட்ருங் து' என்னும் பணியாரத்தையும் வைத்து நிலாவுக்குப் படைக்கிறார்கள். குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்தித் தெருவில் ஊர்வலம் போகிறார்கள். அந்தப் பணியாரத்தை நாம் நிலாப் பணியாரம் என்று அழைப்போம்.

இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'அறுவடை விழா' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் எந்த அறுவடை? அந்த நாளில் வியட்நாம் வயலில் இறங்கிப் பார்த்தால் என்ன தெரியும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம் பொரி உருண்டைக்கும் விடை கிடைக்கிறது.

எட்டாம் மாதத்து வயல்

வியட்நாமியரின் மரபுவழி நாட்காட்டியில் மாதம் அமாவாசையில் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு மாதத்தின் 15ஆம் நாளும் முழுநிலாவையொட்டி அமையும். இப்படிப்பட்ட 12 மாதங்களுக்கு 354 நாட்களே ஆகும். கதிரவன் ஆண்டைவிட 11 நாள் குறைவு. இதை ஈடுகட்ட 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள் இலையுதிர்காலம். அதன் நட்ட நடு, எட்டாம் மாதத்து 15ஆம் நாள். 2024இல் அது செப்டம்பர் 17ஆம் நாளும், 2025இல் அக்டோபர் 6ஆம் நாளும் வந்தது. நம் கணக்கில் பெரும்பாலும் புரட்டாசி. சில ஆண்டுகளில் ஆவணிக் கடைசி.

வியட்நாமின் வடபகுதியில், செவ்வாற்றுக் கழிமுகத்தில், பழங்காலம் தொட்டு இரண்டு நெற்போகங்கள் உண்டு. ஒன்று மே, சூன் மாதங்களில் அறுவடையாகும். மற்றொன்று மழையில் நட்டு அக்டோபர், நவம்பரில் அறுக்கப்படும் பெரும்போகம். நடு இலையுதிர்கால நிலா எழும்போது பெரும்போகத்துப் பயிர் கதிர் தள்ளிப் பால் பிடித்துக்கொண்டிருக்கும். கதிர் அரிவாளுக்கு அங்கே வேலையில்லை! தென்பகுதியில், மேக்கோங் ஆற்றுக் கழிமுகத்திலோ, அது ஆறு பெருகி நிலமெல்லாம் நீர் நிற்கும் காலம். அங்குப் பழைய நெல்வகைகள் அறுவடையானது டிசம்பருக்குப் பிறகுதான்.

உண்மையான அறுவடை விழா வியட்நாமில் தனியாகவே இருக்கிறது. பத்தாம் மாதத்து முழுநிலாவையொட்டிப் புத்தரிசிச் சோறாக்கி முன்னோர்க்குப் படைக்கும் 'தெத் கோம் மோய்' என்பதே அது. அதாவது நிலாப் பணியாரத்துக்கும் புத்தரிசிக்கும் இடையே இரண்டு மாதம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் உழவன் வீட்டில் என்ன இருந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

வியட்நாமிய மொழியில் மூன்றாம் மாதத்தையும் எட்டாம் மாதத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வழக்குத் தொடர் உண்டு. அது வெறும் காலக்குறிப்பு அன்று. கையிருப்பு நெல் தீர்ந்து, புது நெல் வராத இடைவெளியை, பசிக் காலத்தைக் குறிக்கும் சொல். பயிரோ பச்சையாக நிற்கிறது. குதிரோ காலியாகிக்கொண்டு வருகிறது. நாற்று நட்டாயிற்று, களை பறித்தாயிற்று, இனி வயலிலும் வேலை குறைவு. நிலா விழா வருவது சரியாக இந்த எட்டாம் மாதத்தின் நடுவில்!

இந்தப் பசி கதையில் வரும் பசி அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், வட வியட்நாமில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. இறந்தோர் எண்ணிக்கை 4 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை பலவாறு மதிப்பிடப்படுகிறது. 1943இன் வங்கப் பஞ்சத்தை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1945 செப்டம்பர் 2இல் வியட்நாம் விடுதலையை அறிவித்த ஹோ சி மின், அம்மாதமே வந்த நடு இலையுதிர்கால விழாவுக்காக நாட்டின் குழந்தைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பஞ்சத்திலிருந்து தப்பிய குழந்தைகளுக்கு எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அக்கடிதத்தின் பொருள் வேறாகத் தோன்றும்.

கல்வெட்டும் கட்டுக்கதையும்

இவ்விழாவின் வேர் சீனத்தில் இருக்கிறது. 'இலையுதிர்காலம்' என்ற பெயரே அதைக் காட்டிக்கொடுக்கிறது. சென்னைக்கு வசந்தம் எவ்வளவு பொருந்துமோ, மேக்கோங் கழிமுகத்துக்கு இலையுதிர்காலம் அவ்வளவுதான் பொருந்தும். சீனத்தில் சாங் மரபு மன்னர்கள் காலத்தில் நடு இலையுதிர்கால நாள் பெருவிழாவாகிவிட்டது. பணியாரம் அதன் நீங்காத பகுதியானது அதற்கும் பின்னர், மிங் மன்னர்கள் காலத்தில்.

மங்கோலிய ஆட்சியை எதிர்த்த சீனர்கள், புரட்சி நாளைக் காகிதத்தில் எழுதி இந்தப் பணியாரத்துக்குள் மறைத்து வீடு வீடாக அனுப்பினார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. சுவையான கதை, ஆனால் அக்காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. 1857இன் தொடக்கத்தில் வட இந்தியக் கிராமங்களில் ஊர்விட்டு ஊர் சென்ற சப்பாத்திகளைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். அங்கே சப்பாத்தி போனதாவது பதிவாகியிருக்கிறது; எதற்காகப் போனது என்பதுதான் இன்றுவரை தெளிவாகவில்லை.

வியட்நாமுக்குக் கதை தேவையில்லை, கல்லே இருக்கிறது. லீ மரபு மன்னர் காலத்தில், 1121இல், டோய் என்னுமிடத்துப் பௌத்தக் கோயிலில் நாட்டப்பட்ட கல்வெட்டு, நடு இலையுதிர்காலத்தில் மன்னர் முன் நடந்த நீர்ப்பொம்மலாட்டத்தை விரித்துரைக்கிறது. அப்போது நம் நாட்டில் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்தான். கல்வெட்டில் அரசனின் கேளிக்கை இருக்கிறது. உழவனின் குதிர் இல்லை. கல்வெட்டுகளின் இயல்பு அது!

பாகும் காரமும்

இனிப் பணியாரத்தைப் பிட்டுப் பார்ப்போம். வியட்நாமில் அது இரண்டு வகை. 'பான் நூங்' என்பது கோதுமை மாவில் செய்து அடுப்பில் சுட்டது. 'பான் ஸேயோ' என்பது வறுத்த ஒட்டரிசி மாவைச் சர்க்கரைப்பாகில் பிசைந்து, சுடாமலே அச்சில் அழுத்தியது. பம்பளிமாசுப் பூவின் மணம் ஊட்டியது. உள்ளே வைக்கும் பூரணமோ பலவகை. பாசிப்பருப்பு விழுது, தாமரை விதை விழுது, எள், தர்ப்பூசணி விதை, சர்க்கரையில் ஊறிய பூசணி, பன்றிக் கொழுப்பு எல்லாம் உண்டு. நடுவில் உப்பில் பதப்படுத்திய வாத்து முட்டையின் மஞ்சட்கரு ஒன்று. வெட்டினால் இருண்ட வானில் நிலா எழுந்தது போலத் தெரியும்.

இதில் நம் சமையற்காரர்களுக்குப் புதியது ஏதுமில்லை என்றால் நம்புவீர்களா? சுடுகிற பணியாரத்துக்கான பாகைச் சர்க்கரையோடு எலுமிச்சை போன்ற புளிப்பைச் சேர்த்து வாரக்கணக்கில் முன்பே காய்ச்சி வைத்துவிடுகிறார்கள். புளிப்பில் கொதிக்கும்போது சர்க்கரை, குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளாகப் பிரிகிறது. இந்தக் கலவை எளிதில் படிகமாகாது. காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஜாங்கிரிப் பாகு பூத்துப்போகாமல் இருக்க நாம் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதே வேதியியல்தான். மேல்மாவில் சிறிது காரநீர் சேர்க்கிறார்கள். அது நம் அப்பளக்காரத்தின் உறவினர். காரம் கூடினால், சுடும்போது மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் விரைந்து கூடி அந்தச் செம்பழுப்பு நிறம் ஏறுகிறது. சுட்ட அன்று பணியாரம் வறட்டென்றிருக்கும். இரண்டு மூன்று நாளில் பூரணத்தின் எண்ணெய் மேலோட்டுக்குப் பரவி மென்மையாகிறது. அதிரச மாவைப் புளிக்க வைத்துக் காத்திருப்பவர்களுக்குக் காத்திருப்பின் அருமை தெரியும்.

இத்தனை சர்க்கரையும் கொழுப்பும் எதற்கு? கெடாமலிருப்பதற்கு. நுண்ணுயிர்கள் வாழத் தண்ணீர் வேண்டும். சர்க்கரை அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அவற்றுக்குக் கிடைக்காது. ஆனால் சர்க்கரை, கொழுப்பு, கோதுமை மூன்றும் அந்நாளில் விலைப்பொருள்கள். ஆகவே இது நகரத்துக் கடைப் பண்டமாகவே வளர்ந்தது. ஒரு பணியாரத்தைக் கேக்கு வெட்டுவது போல எட்டுத் துண்டாக்கி, சர்க்கரையில்லாத தேநீரோடு குடும்பமே பகிர்ந்து உண்பது வழக்கம். சிற்றூரில் நிலாவுக்குப் படைத்தது வாழைப்பழமும், பம்பளிமாசும், 'கொம்' என்னும் பச்சை அவலும்தான். பால் முற்றிக்கொண்டிருக்கும் ஒட்டரிசிக் கதிரை முன்கூட்டியே கொஞ்சம் அறுத்து, வறுத்து, இடித்து, தாமரை இலையில் மடித்துத் தருகிறார்கள். ஹனோய் நகரை அடுத்த வோங் என்னும் ஊர் இதற்குப் பேர்போனது. அறுவடை வரை பொறுக்க முடியாதவர்கள் கண்டுபிடித்த உணவு என்றே இதை நான் கருதுகிறேன்.

நம் பக்கத்து வயல்

இப்போது ஊருக்குத் திரும்புவோம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் இன்று தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும்தான் கண்ணில் படுகின்றன. 1955இல் காங்கிரசு மாநாடு நடந்த ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, விஜயந்தா டாங்கிகள் வெளிவந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. ஆனால் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று எண்ணிப் பாருங்கள். இத்தனை ஏரிகளை நம் முன்னோர் படகு விடவா வெட்டினார்கள்? ஒவ்வொன்றின் மதகுக்குக் கீழும் நெல்வயல் இருந்தது.

இந்தப் பகுதியின் நெற்போகங்கள் மூன்று. சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணி வாக்கில் அறுப்பது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் விதைத்துத் தை மாதம் அறுப்பது சம்பா. அதன் பின் மிச்சமிருக்கும் ஏரி நீரில் பயிராவது நவரை. கார்த்திகைத் தீபத்தன்று வயலில் நிற்பது எது? சம்பா. அது கதிர் தள்ளிப் பால் பிடித்து நிற்கும். 2024இல் தீபம் டிசம்பர் 13ஆம் நாள், 2025இல் டிசம்பர் 3ஆம் நாள். பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ இருக்கிறது.

வியட்நாமில் பத்தாம் மாதப் புத்தரிசிக்கு முன்னால் நிலாப் பணியாரம். நமக்குப் பொங்கலுக்கு முன்னால் பொரி உருண்டை. இரண்டுமே அறுவடை விழா அல்ல, அறுவடைக்கு முந்திய விழா. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை நின்றுபோய், சொர்ணவாரி நெல் குதிரின் அடியைத் தொடும் நேரத்தில், கைப்பிடி நெல்லைக் கொண்டு வீடு நிறையப் பண்டம் செய்ய ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பொரி.

நெல்லைக் காய்ந்த மணலில் போட்டு வறுக்கும்போது என்ன நடக்கிறது? நன்கு காய்ந்த நெல்லிலும் நூற்றுக்கு 13, 14 பங்கு ஈரம் உண்டு. உமி இறுக மூடியிருப்பதால் அந்த ஈரம் நீராவியாகி வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறுகிறது. உள்ளேயுள்ள மாவுப்பொருள் வெந்து இளகுகிறது. ஒரு கட்டத்தில் உமி பிளக்கிறது. நீராவி சட்டென்று விரிய, இளகிய மாவு நுரையாகப் பொங்கி அப்படியே இறுகிவிடுகிறது. ஒரு மணி பல மடங்கு பருத்த வெள்ளைப் பூவாகிறது. வியட்நாமியப் பணியாரம் சிறிய இடத்தில் பெரும் செல்வத்தை அடக்கிக் காட்டுகிறது. நம் பொரியோ சிறிய இருப்பைப் பெரிதாகக் காட்டுகிறது. பசிக் காலத்துக்கு எது ஏற்றது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒடிசாவில் குமாரப் பூர்ணிமை என்னும் விழாவில், நம் ஐப்பசிக்குச் சற்று முன்னே பின்னே வரும் முழுநிலாவுக்குப் பொரி, வெல்லம், தேங்காய், வாழைப்பழம் சேர்த்துப் பிசைந்து படைக்கிறார்கள். அங்கும் பெருநெல் அப்போது வயலில்தான் நிற்கும்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பது பழமொழி. பால் பிடித்த கதிருக்கு இனிப் பெருமழை ஆகாது. ஆகவே இது செய்தி என்பதைவிட வேண்டுதல் என்றே தோன்றுகிறது. 2015இல் தீபம் நவம்பர் 25ஆம் நாள் ஏற்றப்பட்டது. அடுத்த வாரம், டிசம்பர் 1, 2 நாட்களில், பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டு, அடையாறு பெருகியதை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். வானம் பழமொழி படிப்பதில்லை.

ஏன் நிலா?

முழுநிலாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஐரோப்பியர் செப்டம்பர் மாத முழுநிலாவை 'அறுவடை நிலா' என்பர். வழக்கமாக நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து எழும். லண்டனில் அந்தப் பருவத்தில் மட்டும் தாமதம் 20 நிமிட அளவுக்குக் குறைந்துவிடும்; காரணம், நிலாவின் பாதை அப்போது தொடுவானத்தோடு மிகவும் சாய்ந்திருப்பதுதான். எனவே தொடர்ந்து பல மாலைகள் பொழுது சாய்ந்தவுடனே நிலவொளி கிடைத்து, அறுவடை தொடர முடிந்தது. இதை அப்படியே எடுத்து ஆசிய விழாவுக்கும் விளக்கமாகச் சொல்வோர் உண்டு. அது பொருந்தாது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தச் சாய்வு நிமிர்ந்துவிடுகிறது. ஹனோயிலோ சென்னையிலோ அப்போதும் தாமதம் 40 நிமிடத்தை ஒட்டியே இருக்கும்.

இங்கே நிலா வேலைக்கு விளக்கு அன்று, வேலையில்லாத இரவுக்கு விளக்கு. ஊர் கூடவும், நடக்கவும், குழந்தைகள் விளையாடவும் எண்ணெய் செலவில்லாத வெளிச்சம். மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் முழுநிலா நாளில் காலை, உச்சி, மாலை என ஒரே நாளில் வணங்கும் வழக்கம் இப்பகுதியில் இன்றும் இருக்கிறது. மாலையில் திருமுல்லைவாயிலில் வழிபாடு முடித்து வீடு திரும்புகிறவருக்கு, தெருவிளக்கு இல்லாத நாளில், எதிரே எழுந்த நிலா எவ்வளவு பெரிய உதவி!

குழந்தைகளுக்கு வியட்நாமில் ஐந்து முனை நட்சத்திர விளக்கு. இன்னொன்று சுழல் விளக்கு. அதன் உள்ளே மெழுகுவத்தி எரியும்போது சூடான காற்று மேலெழுந்து காகிதச் சக்கரத்தைத் தள்ள, ஒட்டிய படைவீரர் உருவங்களின் நிழல் சுற்றி வரும். வட தமிழ்நாட்டு ஊர்களில் கார்த்திகையன்று மாவலி சுற்றுவார்கள். பனையின் ஆண் பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொட்டலமாகச் சுற்றி, பனை மட்டைப் பிளவுகளுக்கிடையே கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் தலைக்கு மேல் சுழற்றினால், காற்று பட்டுக் கரித்தூள் பொறிப்பொறியாகச் சிதறி ஒரு நெருப்பு வளையம் தோன்றும். வளையம் என்பது நம் கண்ணின் வேலை; ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் பழைய காட்சி கண்ணில் தங்குவதால் புள்ளி வட்டமாகிறது. பனை குறைந்த ஊர்களில் இப்போது மாவலியும் குறைந்துவிட்டது.

இந்தப் பசி மாதங்களின் கணக்கில் தமிழர் பெயரும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோன் நகரில் கடை வைத்திருந்த நகரத்தார், மேக்கோங் கழிமுகத்து நெல் நிலங்களின் பேரில் கடன் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் கடன், அறுவடைக்குப் பின் வசூல். 1930களில் உலகெங்கும் நெல் விலை சரிந்தபோது அந்தக் கணக்கு முறிந்தது. கடனாளிகள் நிலத்தை இழந்தார்கள், கொடுத்தவர்களுக்கோ பணம் திரும்பவில்லை. அந்த வணிகர்கள் பின்னாளில் வெளியேறிவிட்டார்கள். அங்குள்ள மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியர்களே மிகுதியாக வந்து வணங்குகிறார்கள்.

1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8 என்னும் குறுகிய கால நெல் தமிழ்நாட்டுக்கும் மேக்கோங் கழிமுகத்துக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தது. அங்கே அதற்கு உழவின் தெய்வமான 'தான் நோங்' பெயரைச் சூட்டி, 'தான் நோங் 8' என்றார்கள். நாளடைவில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் என்றாகி, எட்டாம் மாதம் பசி மாதமாக இல்லாமல் போயிற்று. நிலாப் பணியாரம் இன்று தகரப் பெட்டியில், பரிசுப் பொருளாக, விழாவுக்கு ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிடுகிறது. நம் பக்கம் வயலே போய்விட்டது. பொரி மட்டும் மூட்டையில் வருகிறது.

அடுத்த தீபத்துக்குப் பொரி உருண்டை செய்யும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். பாகை உருண்டைப் பதத்தில், அதாவது தண்ணீரில் விட்ட சொட்டு தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்கும்போது இறக்குங்கள். அப்போது அதன் வெப்பம் 120 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்கும், நீர் பெரும்பாலும் போயிருக்கும். உருண்டைகளில் இரண்டை மூடிய டப்பாவிலும் இரண்டைத் திறந்த தட்டிலும் வையுங்கள். மழை பெய்யும் நாளானால் மறுநாள் மாலைக்குள் தட்டிலுள்ளவை பிசுபிசுத்து நமுத்திருக்கும். வெல்லத்தில் இயல்பாகவே உள்ள குளுக்கோசும் பிரக்டோசும் ஈரத்தை இழுத்துக்கொண்ட வேலை அது. டப்பாவிலுள்ளவை மொறுமொறுப்பாகவே இருக்கும். மறுநாள் விடுமுறையாக இருந்தால் பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே திருமழிசையையும் தாண்டிப் பேருந்தில் போய், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இறங்குங்கள். சம்பா நின்றால், உழவரிடம் கேட்டு ஒரு கதிர்மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையாகப் பால் கசியும்.